கணிப்பொறியை நாமே அமைத்துக்கொள்ளுதல்

(திருவனந்தபுரத்தில் பணியாற்றும் மத்திய அரசு அலுவலர்களும் தமிழ் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஒருவர் தம் கணிப்பொறியில் நிறுவி, அதனைத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதை எளிய முறையில் கூறவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் பொருளாதாரம் பயின்றவன், பொறியியல் அறியேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளுடனும் புள்ளிவிவர அட்டவணைகளுடனும் காலம் கழித்தவன். ஐம்பத்து நான்காம் வயதில் இதனைக் கற்றுக்கொண்டவன் என்பதே இங்கு பேசுவதற்கு எனக்குள்ள தகுதி. கற்றுக்கொள்ளும்போது செய்த தவறுகளும் நினைவில் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் கூறுவேன்.

இப்பொருள் இன்று ஏன் முக்கியத்துவம் பெறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அதனைத் தயாரித்த நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 முறைப்படி இயங்கவேண்டுமானால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியும் கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறிகள் பலவற்றில் இவை இல்லை. அவற்றின் விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை, வன்தட்டும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் அவை கழிவுப் பட்டியலில் ஏறுகின்றன. பொருளாதார நூல்களில் தேய்மானம் என்று ஒரு சொல்லைப் படிக்கிறோம். இங்கு தேய்ந்தது பொறி அன்று; அதனோடு வந்த உரிமத்தின் ஆயுளே முடிந்தது. ஒரு பொருளின் ஆயுளை அதன் உடைமையாளர் தீர்மானிக்காமல் விற்றவர் தீர்மானிக்கும் நிலை, செலவினக் கட்டுப்பாட்டைப் பற்றி ஆண்டுதோறும் சுற்றறிக்கை பெறும் நம்மைப் போன்றவர்களுக்குச் சிந்தனைக்குரியது.

இலவசமும் சுதந்திரமும்

லினக்ஸ் என்பது என்ன? 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயன்படுத்தவும், உள்ளே திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் முயற்சியை அறிவித்தார். அம்முயற்சியின் பெயர் குனு. அதற்குத் தேவையான கருவிகள் பல உருவாயினவெனினும், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் கருப்பகுதி மட்டும் நிறைவு பெறாமல் இருந்தது. 1991இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட கரு அந்த இடத்தை நிரப்பிற்று. அக்கருவின் பெயரே லினக்ஸ். கருவையும் கருவிகளையும் அலுவலகப் பயன்பாட்டு மென்பொருள்களையும் ஒன்றுசேர்த்து, நிறுவுவதற்கு ஆயத்தமாகத் தருபவற்றை வழங்கல்கள் என்கிறோம். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் டெபியனை அடிப்படையாகக்கொண்டு வந்த உபுண்டு ஆகியவை நம் நாட்டில் மிகுதியும் பயன்படுபவை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய வழங்கலும் டெபியனின் வழிவந்ததே.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால், அந்நாட்டவர் இதனை விளக்கப் பெரிதும் பாடுபடவேண்டியிருக்கிறது. நமக்கு அத்தொல்லை இல்லை. தமிழில் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. மலையாளத்திலும் சௌஜன்யம் வேறு, ஸ்வதந்த்ரம் வேறு. இந்நகரில் இதனை ஸ்வதந்த்ர சாப்ட்வேர் என்று பள்ளிக் குழந்தைகளும் சொல்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டுமே லினக்ஸை நாடுபவர்கள் விரைவில் ஏமாற்றம் அடைகிறார்கள் என்பது என் அனுபவம். பணம் மிச்சமாகலாம், உழைப்பு மிச்சமாகாது. அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி. இதற்குக் கேரளப் பள்ளிகளைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பூஜப்புரையில் தொடங்கியது

2001ஆம் ஆண்டு இந்நகரின் வரலாற்றில் இரண்டு வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். அதே ஆண்டில் மாநில அரசு, உயர்நிலைப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைக் கற்பிப்பதற்காக ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் இவ்விரண்டிற்கும் இடையே தொடர்பு அதிகம் இருந்ததாகக் கூற இயலாது. பள்ளிகளில் தனியுரிமை மென்பொருளை அடிப்படையாகக்கொண்டே பாடம் தொடங்கிற்று. ஒரே நிறுவனத்தின் சரக்கைப் பயன்படுத்தப் பழக்குவதா கல்வி என்ற கேள்வியை ஆசிரியர் அமைப்புகளும் மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பினர். விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே நிலைபெற்றது. பத்தாம் வகுப்பு மாணவர்களின் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கலாயிற்று.

திட்டத்தை நடத்தியவர்கள் வெளியிலிருந்து ஒரு வழங்கலைக் கொண்டுவந்து அப்படியே பள்ளிகளில் இறக்கிவிடவில்லை. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் எடுத்துக்கொண்டு, பாடநூலுக்கு வேண்டியவற்றைச் சேர்த்து, வேண்டாதவற்றை நீக்கி, தமக்கென ஒரு வழங்கலைத் தைத்துக்கொண்டார்கள். கணித ஆசிரியருக்கு ஜியோஜீப்ரா, சிறு குழந்தைகளுக்கு ஜீகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், படம் வரைபவர்களுக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப், நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு ஸ்க்ராட்ச், எல்லோருக்கும் லிப்ரே ஆபீஸ், மலையாள எழுத்துருக்கள், மலையாள விசைப்பலகை எனப் பாடத்திட்டத்திற்கு வேண்டியவை அனைத்தும் ஒரே நிறுவலில் வந்துவிடும். ஒரு மலைக்கிராமப் பள்ளியில் இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

இத்திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. அதன் தலைமை அலுவலகம் இங்கே பூஜப்புரையில் இருக்கிறது. 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக்கும் திட்டத்தை அது நிறைவேற்றியது. கைட் குனு/லினக்ஸ் 22.04 என்ற தொகுப்பு 2023இல் வெளிவந்தது. இப்பெயரிலுள்ள எண் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைக் குறிக்கும். ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவரும் இத்தகைய பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் வரை திருத்தங்கள் கிடைக்கும். ஒவ்வொரு புதுப் பதிப்பின் பின்னாலும் ஓடாமல் நீண்டகாலப் பதிப்புகளையே பற்றிக்கொண்டது அறிவார்ந்த முடிவு. தனிமனிதராகத் தொடங்குபவர்களுக்கும் என் முதல் யோசனை அதுவே.

2019ஆம் ஆண்டில், இரண்டு லட்சம் பள்ளிக் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் மாநிலத்திற்கு 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்ற கணக்கு செய்தித்தாள்களில் வெளியாயிற்று. பொருளாதாரம் படித்தவன் இத்தகைய தொகையைக் கண்டவுடன் வகுத்துப் பார்ப்பான். ஒரு கணிப்பொறிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வருகிறது. தொகுப்பிலுள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஈடான தனியுரிமை மென்பொருளைப் பட்டியல் விலைக்கு வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு அது. எந்தப் பள்ளியும் அவ்வாறு வாங்கியிராது. கல்வி நிலையங்களுக்குச் சலுகை விலையும் உண்டு. ஆகவே இத்தொகையைக் கருவூலத்தில் வந்து சேர்ந்த பணமாகக் கருதுவது சரியாகாது. பணமே இல்லாமையால் வாங்கியிருக்கவே முடியாத கருவிகளைக் குழந்தைகள் பயன்படுத்தினார்கள் என்று கொள்வதே பொருத்தம். என் மதிப்பீட்டில் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறொன்று இருக்கிறது. அந்த ஆதாயத்தைக் கணக்கேட்டில் எழுதமுடியாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் கணிப்பொறிகளுக்குப் பொறுப்பாளராக ஆக்கப்பட்டார். அவர் மலையாள ஆசிரியராக இருக்கலாம், உயிரியல் ஆசிரியராக இருக்கலாம். வன்தட்டைப் பிரிக்கவும், இயங்குதளத்தை மறுபடி நிறுவவும், அச்சுப்பொறியை இணைக்கவும் அவர் பயிற்சி பெற்றார். பழுது நீக்குவோரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வழக்கம் குறைந்தது. உரிமக் கட்டணமாக வெளியே சென்றிருக்கக்கூடிய பொருள், பயிற்சியாக உள்ளூர் மனிதர்களிடம் தங்கிற்று.

தமிழ் ஆசிரியர்கள் இங்கு வந்திருப்பதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களிலுள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் மாணவர்களுக்கும் இப்பாடம் உண்டு. தமிழிலும் பாடநூல் உண்டு. கட்டற்ற மென்பொருளில் மொழிச் சிறுபான்மையினர் எவருடைய வணிக முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டுவதில்லை. சுதந்திர மலையாளக் கணிமை என்னும் தன்னார்வக் குழுவினர் மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி வெளியிட்டிருப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

நிறுவுதல்: என் தவறும் அதன் பின்னும்

இனி, செய்முறைக்கு வருகிறேன். நிறுவும் வேலை, பயப்படும் அளவுக்குக் கடினமானதன்று. வேண்டியவை எட்டு ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு பென்டிரைவும் ஒரு பிற்பகலுமே. வழங்கலின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து அதன் வட்டுக்கோப்பை இறக்கிக்கொள்ளவேண்டும். இறங்கிய கோப்பு பழுதின்றி முழுமையாக வந்திருக்கிறதா என்பதைச் சரிபார்க்க ஒரு நீண்ட சரிபார்ப்பு எண்ணை அதே தளத்தில் தந்திருப்பார்கள். இதனைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்கக்கூடாது. பின்னர் ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு கருவியால் அக்கோப்பைப் பென்டிரைவில் எழுதவேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் கணிப்பொறி அதிலிருந்து தொடங்காது.

பென்டிரைவைச் செருகிக் கணிப்பொறியைத் தொடங்கினால், எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் இயங்கக் காணலாம். நேரடி இயக்கம் என்று இதனைச் சொல்வார்கள். வன்தட்டை இது தொடுவதில்லை. வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அடையாளம் காணப்படுகிறதா, திரையின் அளவு சரியாக இருக்கிறதா என்பவற்றை இந்நிலையிலேயே சோதித்துவிடவேண்டும். துணி வாங்குமுன் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதைப் போன்றது இது. நான்கு ஜி.பி. நினைவகம் உள்ள பொறியில் வழக்கமான வழங்கல்கள் பெரும்பாலும் ஓடும். இரண்டு ஜி.பி.தான் உண்டு என்றால், எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூட்டி என்னும் எளிய மேசைச்சூழல் கொண்ட வழங்கலைத் தேர்ந்தெடுப்பது நலம். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், பத்தாண்டுப் பழைய பொறியும் வியக்கத்தக்க வேகம் பெறும். எந்த மென்பொருள் மாற்றமும் தராத பலனை இந்தச் செலவு தரும் என்பதை லினக்ஸின் ஆதரவாளன் என்ற நிலையிலும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அடுத்து வருவது வன்தட்டைப் பிரிக்கும் கட்டம். நான் இடறி விழுந்தது இங்கேதான். என் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் இருக்கட்டும் என்று எண்ணி நிறுவத் தொடங்கினேன். நிறுவும் திரையில் இரண்டு வாய்ப்புகள் தெரிந்தன. ஒன்று, ஏற்கெனவே உள்ளதன் அருகில் நிறுவுவது; மற்றொன்று, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவது. இரண்டாவது எப்படியோ தேர்வாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எச்சரிக்கை ஒன்று தோன்றியது. அரசு அலுவலகத்தில் வரும் எச்சரிக்கைப் பெட்டிகளை எவ்வாறு படிக்காமல் சொடுக்கிப் பழகியிருக்கிறோமோ அவ்வாறே அதையும் சொடுக்கினேன். பன்னிரண்டு நிமிடங்களில் லினக்ஸ் அழகாக வந்து அமர்ந்தது. என் தகப்பனார் நாகர்கோவிலிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களை அவர் மறைந்த பின் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அவை போய்விட்டன. மூலத் தாள்களில் ஒரு பகுதி கறையான் அரித்து முன்பே வீணாகியிருந்தது. ஆதலால் இன்று எந்தக் கூட்டத்திலும் நான் முதலில் கேட்பது, நகல் எடுத்துவிட்டீர்களா என்பதே. நகல் மற்றொரு வன்தட்டில் இருக்கவேண்டும். அந்த வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் நிறுவத் தொடங்கவேண்டும். விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டைப் பிரிக்கும்போது இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. இயங்குதளத்திற்கு நாற்பது ஜி.பி. அளவில் ஒரு பகுதியும், நம் கோப்புகள் இருக்கும் ஹோம் என்னும் இடத்திற்குத் தனியே மற்றொரு பகுதியும் ஒதுக்கினால், பிற்காலத்தில் இயங்குதளத்தை மட்டும் மாற்றி நிறுவும்போது கோப்புகள் இருந்தபடியே இருக்கும். வீட்டின் சமையலறையை இடித்துக் கட்டும்போது பூஜை அறையைத் தொடாமல் இருப்பது போல.

எனக்கு இவற்றையெல்லாம் விளக்கியது எங்கள் அடுத்த வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவி. கைட் நிறுவனம் 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் குழுவின் உறுப்பினர். "அங்கிள், முதலில் பேக்கப் எடுத்தீர்களா?" என்று அவள் கேட்டபோது காலம் கடந்திருந்தது. என்னைவிட நாற்பது வயது இளையவளிடம் பாடம் கேட்பதில் எனக்கு வெட்கம் ஏதும் தோன்றவில்லை. மாறாக, ஒரு பொதுத் திட்டத்தின் பயன் என் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்ததைக் கண்டேன். திட்ட மதிப்பீட்டு அறிக்கைகள் பல எழுதியிருக்கிறேன். பயனாளியாக இருந்து ஒரு திட்டத்தை மதிப்பிட்டது அதுவே முதல் முறை.

தேவைக்கேற்பத் திருத்துதல்

நிறுவியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் லினக்ஸின் சிறப்பு அதன் பின்னரே தொடங்குகிறது. வண்ணத்தையும் பின்னணிப் படத்தையும் மாற்றுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். வேலைக்கு உதவும் மாற்றங்களைக் கூறுகிறேன்.

எங்களுடன் ஒரு மூத்த எழுத்தர் இருந்தார். பழைய தட்டச்சுப் பொறியில் தமிழ் உயர்நிலைத் தேர்வு தேறியவர். கணிப்பொறியில் தமிழ் தட்டுவதற்கு அவரை வேறு விசைப்பலகைக்கு மாறச் சொன்னார்கள். அவர் விரல்கள் மறுத்துவிட்டன. நாளடைவில் தமிழ்க் கடிதங்களைக் கையால் எழுதி, இளையவர் ஒருவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்விக்கும் நிலைக்கு வந்தார். திறமையுள்ள ஒருவர் திறமையற்றவராக ஆக்கப்பட்டார். லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையும் அதனுடன் எம்17என் என்னும் தொகுப்பும் உண்டு. அவற்றை நிறுவினால், தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட், ஒலிப்பு முறை ஆகியவற்றோடு பழைய தட்டச்சுப் பலகையும் பட்டியலில் இருக்கக் காணலாம். அமைப்புகள் என்ற இடத்தில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பலகையை அவருக்கு அமைத்துக்கொடுத்தபோது முதல் பத்தியில் நான்கைந்து பிழைகள் வந்தன. மூன்றாம் பத்தியில் பிழையே இல்லை. ஓய்வு பெறும் வரை தம் கடிதங்களைத் தாமே தட்டச்சு செய்தார். மனிதரைப் பொறிக்கேற்பத் திருத்துவதா, பொறியை மனிதருக்கேற்பத் திருத்துவதா என்ற கேள்விக்கு விடை சொல்ல இதற்கு அரைமணி நேரமே ஆயிற்று.

எழுத்துருவில் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி வருமுன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் அக்காலத் தனி எழுத்துருக்களில் இருக்கும். லினக்ஸில் திறந்தால் அவை பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்சவேண்டா. விண்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் இதே நிலைதான். ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துவதற்கு மாற்று இல்லை. புதிய கோப்புகளுக்கு நோட்டோ, லோகித், மீரா இனிமை போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் போதும்.

லிப்ரே ஆபீஸ் இயல்பாகத் தன் திறந்த வடிவில் கோப்புகளைச் சேமிக்கும். வெளி அலுவலகங்களுக்கு அடிக்கடி அனுப்புபவர்கள், அமைப்புகளில் ஒருமுறை சொல்லிவைத்தால் மைக்ரோசாப்ட் வடிவிலேயே எப்போதும் சேமிக்கும். பெரிய கணக்குத் தாள்களில் மேக்ரோக்கள் எழுதியிருந்தால் அவை முழுமையாக ஓடும் என்று நம்பிவிடக்கூடாது. சோதித்துப் பாருங்கள்; ஓடாவிட்டால் அந்த ஒரு வேலைக்கு ஒரு விண்டோஸ் கணிப்பொறியை வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை. டிஜிட்டல் கையொப்பச் சாதனங்களும் அப்படியே. சிலவற்றிற்கு லினக்ஸில் இயக்கி உண்டு. சிலவற்றிற்கு அதனை அமைப்பது பொறுமையைச் சோதிக்கும். சாதனம் வாங்குமுன் லினக்ஸில் ஓடுமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நலம். அச்சுப்பொறிக்கும் இது பொருந்தும். இ-ஆபீஸ் போன்றவை உலாவியிலேயே இயங்குவதால், அலுவலகத்தின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதிக்கு எந்த இயங்குதளமாயினும் ஒன்றே.

பத்துக் கணிப்பொறிகளுக்கு மேல் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. ஒரு பொறியை மாதிரியாக எடுத்து, விசைப்பலகை, எழுத்துரு, அச்சுப்பொறி, கடிதப் படிவங்கள் எல்லாவற்றையும் அமைத்து, ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துக் குறை களைந்து, அதன் வட்டுப் பிம்பத்தைக் குளோன்சில்லா போன்ற கருவியால் எடுத்து மற்றவற்றில் பதிக்கலாம். நிறுவிய மென்பொருள்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அத்தாள் இல்லாவிட்டால், அமைத்தவர் மாற்றலாகிச் சென்ற மறுநாள் எதுவும் புரியாது.

எங்கே தவறுகிறது

இம்மாற்றம் எல்லா இடங்களிலும் வெற்றி பெற்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றி முன்னோடியாக விளங்கிற்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. என் உறவினர் பெண் ஒருத்தி அத்தகைய மடிக்கணினியைப் பெற்றாள். தொடக்கத் திரையில் தோன்றும் இரண்டாவது பெயர் எதற்கு என்று கல்லூரி முடியும் வரை அவள் அறியவில்லை. அவளுக்கு எவரும் காட்டவும் இல்லை. மென்பொருள் அதே மென்பொருள்தான். கேரளத்தில் அதற்குப் பாடநூலும் தேர்வும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருந்தனர்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றும் வேலையைப் பத்தாண்டுகளில் முடித்தது; 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென நகர மன்றம் தீர்மானித்தது. இதற்குக் கூறப்படும் காரணங்கள் பல. அரசியல் தலைமை மாறியதும் அவற்றுள் ஒன்று. மத்திய அரசும் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அரசுப் பயன்பாட்டில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. கொள்கை வந்து பல ஆண்டுகள் ஆனபின்னும், நம் அலுவலகங்களில் அதனைக் கேள்வியுற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் இந்த அறையிலேயே கைகள் சில மட்டுமே உயரும் என நினைக்கிறேன்.

என் கருத்தில், ஓர் அலுவலகம் தொடங்குமுன் தீர்மானிக்கவேண்டியது எந்த வழங்கல் என்பதன்று. பொறுப்பேற்கும் மனிதர் யார் என்பதே. அவருக்கு வாரத்தில் அரை நாளாவது இதற்கென ஒதுக்கவேண்டும். அது அவருடைய பணியின் பகுதியாக எழுத்தில் இருக்கவேண்டும். வழக்கமான வேலையையும் முழுமையாகச் செய்து, மற்றவர்களின் கணிப்பொறிகளையும் தயவுக்காகப் பார்க்கச் சொன்னால், ஆறு மாதங்களில் அவர் சலித்துவிடுவார். அலுவலகம் பழைய நிலைக்குத் திரும்பும். உரிமக் கட்டணத்தில் மிஞ்சியதாகக் கருதும் தொகையில் ஒரு பங்கையேனும் பயிற்சிக்குச் செலவிட ஒப்பாத அலுவலகம் இம்முயற்சியில் இறங்காமலிருப்பதே மேல். சிக்கனம் என்று கூறிக்கொண்டு தொடங்கி, ஊழியர்களின் வெறுப்பைச் சம்பாதித்து முடிவது பொதுப்பணத்திற்கு இழப்பே.

வீட்டில் தொடங்குபவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டுவதில்லை. பயன்படாமல் கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்றில் தொடங்குங்கள். அன்றாட வேலைக்குரிய பொறியைத் தொடவேண்டா. ஒரு மாதம் மின்னஞ்சல், கடிதம், வங்கி வேலைகளை அதில் செய்து பாருங்கள். புதுப்பித்தல்களை வாரந்தோறும் ஏற்றுக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இன்று அதற்கு அவசியம் பெரும்பாலும் இல்லை. ஆயினும் நான்கைந்து கட்டளைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால், சிக்கல் வந்தபோது பிறர் சொல்லும் தீர்வைப் பின்பற்றுவது எளிதாகும். பொருள் புரியாத கட்டளையை மட்டும் எவர் சொன்னாலும் உள்ளிடாதீர்கள்.

அமைப்பாளர்கள் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே அறையில் நிறுவல் முகாம் ஒன்றிற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பழைய கணிப்பொறி உள்ளவர்கள் அதனையும் மின்னிணைப்புக் கம்பியையும் ஒரு பென்டிரைவையும் கொண்டுவரவும். அடுத்த வீட்டு மாணவியும் அவளுடைய தோழிகள் இருவரும் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கோப்புகளின் நகலை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களின் பொறிகளை மட்டுமே அன்று தொடுவோம்.